ஒத்தக் கடலை

அன்னவாசலில் என் பதினோரு மாத மகளுக்குக் காதுகுத்து. வறுத்த கடலையை அவள் வாயருகே கொண்டுவந்த நாத்தனாரிடம், “வேணாம் அண்ணி, தொண்டையில சிக்கிக்கிரும்” என்றேன்.

“ஒத்தக் கடலைக்கா இம்புட்டு? நாங்க புள்ள வளக்கலையா?” என்று சிரித்தபடியே ஊட்டிவிட்டார்.

குழந்தை வாயைத் திறந்தாள், அழுகையே வரவில்லை. உதடு நீலமானது. யாரோ தண்ணீர்ச் சொம்பை நீட்ட, தள்ளிவிட்டேன். தலை தாழும்படி முன்கையில் அவளைக் குப்புறக் கிடத்தி, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கித் தட்டினேன். கடலை தெறித்து விழுந்தது. அவள் வீறிட்டாள்.

“பச்சப் புள்ளைய இப்புடியா அடிப்ப?” என்றார் நாத்தனார்.

இப்போதெல்லாம் சொல்லிப் பார்ப்பதில்லை. நீட்டும் கையையே பிடித்துவிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமலிருக்க என் மகள் மூச்சுத் திணற வேண்டுமா?