லைட் கண்ணாடி

லைட் கண்ணாடி என்றால் லைட் எரியும் கண்ணாடி என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கள்ளக்குறிச்சியில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் லைட் செட் வாடகைக்கு விட்டு வயிறு வளர்க்கிறவன் நான். எனக்கு லைட் என்றால் ஒன்றுதான். சுவிட்ச் போட்டால் எரிய வேண்டும். எரியாவிட்டால் பெண் வீட்டார் திட்ட வேண்டும்.

என் மனைவியின் தம்பி பெங்களூரில் வேலையில் இருந்தபோது பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உட்கார்ந்தால் ரோடு இடுப்பில் இடிப்பதுபோல் இருக்கும். பின்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு போட்டிருப்பதாக ஒருநாள் போனில் சொன்னான்.

"லைட் கண்ணாடி போட்டுட்டேன் மாமா. வண்டி சும்மா பறக்குது."

கண்ணாடியில் லைட் எரிந்தால் வண்டி ஏன் பறக்கும் என்று நான் கேட்கவில்லை. பெங்களூரில் பறக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவனுக்கு சுகர். இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. கறுத்து, பாதத்துக்கு ஏறியது. வேலையை விட்டுவிட்டு காரோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை காலை எடுத்துவிட வேண்டும் என்று. வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் அழுதால் பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ நடித்துக் காட்டுவது போல இருக்கும். அதனால் டீ வாங்கி வரக் கிளம்பினேன். வாசலில் அவன் என் கையைப் பிடித்தான்.

"மாமா, எடது காலு போச்சுன்னா கிளட்சும் போச்சு. ஞாயித்துக்கெழம கரியாலூர் மலைக்குப் போலாம். ஏத்தத்துல நீங்க ஓட்டுங்க. மேல சமமான ரோட்டுல கொஞ்ச தூரம் நா ஓட்டிக்கிறேன். கடைசியா ஒரு தபா. அக்காகிட்ட சொல்லாதீங்க."

"உங்கக்காகிட்ட பேசற தைரியம் எனக்கு என்னைக்கு இருந்துச்சு மச்சான்?"

ஞாயிறு காலை ஆஸ்பத்திரிக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டும்போதே தூறல். கோமுகி அணைக்கு அப்பால் மலை ஏற ஆரம்பித்ததும் பனி இறங்கிவிட்டது. முன்கண்ணாடி பரவாயில்லை, வைப்பர் இருக்கிறது. மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தோசை மாவைப் பூசியது மாதிரி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஆம்பிளைகள் மூச்சு விட்டால் வேறு எப்படி இருக்கும்? போதாததற்கு அந்தப் பின்கண்ணாடி காற்றில் தகரம் மாதிரி தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

"பின்னாடி ஒண்ணும் தெரியல. சுவிட்ச் எங்க இருக்குது மச்சான்?"

"எந்த சுவிட்ச்சு?"

அவன் கவனம் இங்கில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு கட்டுப் போட்ட பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். நானே துழாவினேன். ஒன்றைத் திருகினேன், அனல் காற்று வந்தது. இன்னொன்றை அமுக்கினேன், வண்டி டிக் டிக் என்றது. மூன்றாவதைத் தட்டினேன். பின்கண்ணாடி முழுவதும் மெதுவாக வெளுத்து, மஞ்சளாகி, ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் போட்டதில்லை.

"எரியுது பாரு மச்சான்!"

அவன் திரும்பிப் பார்த்தான். "மாமா! அது பஸ்சு!"

ஹாரன் முதுகில் விழுந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். ஈர இலையில் வண்டியின் பின்பக்கம் ஒரு ஆட்டம் போட்டது. மூக்கு மலையோரச் சாக்கடைக்குள் இறங்கி நின்றது. நான் கதவைத் திறந்து ஓடினேன். நன்றாகவே ஓடினேன். பஸ்ஸுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கும்போதுதான், நடக்க முடியாத ஒருத்தனை உள்ளே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

திரும்பிப் போனபோது கண்டக்டர் பின்கண்ணாடியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? பாலிதீன் கவர ஒட்டிக்கினு மலையேற வந்துட்டீங்களா?"

"லைட் கண்ணாடிங்க," என்றேன், கொஞ்சம் கௌரவமாகவே.

"பிளாஸ்டிக்குங்க இது!"

உள்ளேயிருந்து மச்சான் குரல் வந்தது. "வெயிட்டு கம்மிங்க. அதான் லைட்டு."

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள நான் ஒரு காரைச் சாக்கடையில் விட வேண்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் சிரித்துக்கொண்டே காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். காரும் லைட்டுதான்.

பஸ் மேலே போய்விட்டது. அதன் சத்தம் பனிக்குள் கரைந்ததும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்று தடவை குத்தியும் சாவி துவாரத்தில் நுழையவில்லை.

"மச்சான், இதுக்கு மேல போவறதுக்கு என்னால ஆவாது."

அவன் மேலே போகும் ரோட்டைப் பார்த்தான். பத்தடிக்கு அப்பால் ரோடே இல்லை. ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எறங்கி இந்தாண்ட வாங்க மாமா," என்றான்.

இடது காலை இரண்டு கையாலும் தூக்கி இந்தப் பக்கம் போட்டு, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, கிளட்சு மேல காலு இருக்குதா?"

ஜோக் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"பாதத்துல ஒண்ணுமே தெரியல. பாத்துச் சொல்லுங்க."

குனிந்தேன். "இருக்குது."

"அமுங்குதா?"

"அமுங்குது."

வண்டியைத் திருப்பினான். அதற்கப்புறம் நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு வளைவுகூடத் தெரியாது. பஸ்ஸுக்குப் பயந்து ஓடியவன், பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காமல் அவன் பாதத்தில் இருந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். இருக்குது, அமுங்குது, நழுவுது, இப்பிடி வை. கட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஈரம் தெரிந்தது. வளைவுக்கு வளைவு பெரிதானது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

பாதி வழியில் கேட்டான். "மேல வெயில் அடிச்சிருக்கும் இல்ல மாமா?"

"மேலயும் பனிதான்," என்றேன். எனக்கெப்படித் தெரியும்?

கச்சிராயபாளையம் வரைக்கும் அவன்தான் ஓட்டினான். அங்கே இடம் மாறிக்கொண்டோம். திங்கட்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.