செல்வியின் ரிஜெக்ட் அட்டை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் என் வேலை, குறையுள்ளதைக் கண்டுபிடித்து ஒதுக்குவது. வாலாஜாபாத் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்காக எங்கள் ஹாஸ்டல் பெண்கள் பொங்கல் வாழ்த்து அட்டை செய்தபோதும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. கரும்பு கோணலாக இருக்கிறதா, பசை தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செல்வி செய்த ஒன்றில் மஞ்சள் பெயின்ட் வழிந்து, பானைமேல் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

"இது ரிஜெக்ட்" என்று ஓரமாகப் போட்டேன்.

"நல்லாத்தானக்கா இருக்கு," என்றாள் அவள்.

இல்லத்தில் இருப்பவர்களை எண்ணி, ஆளுக்கு ஒன்றுதான் செய்திருந்தோம். அதனால் இல்லத்துக்குப் போய்க் கொடுத்தபோது கடைசிக் கட்டில் பெரியவருக்கு அட்டை இல்லாமல் போயிற்று. செல்வி தன் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது.

பெரியவர் அந்த ரேகைமேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். "இது கையால செஞ்சது போல கீதே. யாரும்மா பண்ணது?"

"எல்லாமே கையால செஞ்சதுதாங்க ஐயா," என்றேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா, நான் செய்த அட்டையைப் புரட்டினார். "இதுவுமா? கடையில வாங்கினு வந்தீங்கன்னு இல்ல நெனச்சேன்."

ரேகை பதிந்ததைச் செய்தது செல்வி என்று தெரிந்ததும் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, எந்த ஊர், பொங்கலுக்கு வூட்டுக்குப் போகவில்லையா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

வேலையில் இன்றும் குறைதான் பார்க்கிறேன், சம்பளம் அதற்குத்தான். அன்று என் அட்டைகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.