சந்தனக்கல்லில் வசாபி இழைத்தவர்

கோகிலவாணிக்கு இரும்பு நாக்கு என்று நம் பெண்கள் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "நாமெல்லாம் ஒரு பொட்டு வசாபிக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவோம். கோகிலா ஆன்ட்டி ஒரு கரண்டியை அப்படியே தயிர் சாதத்தில் பிசைந்து, கண் கலங்காமல் சாப்பிடுவார்" என்று ஒருவர் எழுத, அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்திருக்கின்றன. அது தவறு. அவருடைய நாக்கு நம் எல்லோருடைய நாக்கையும் போன்றதுதான். இரும்பு நாக்கு என்ற பெயரை முதலில் வைத்தவள் நான். ஆகவே திருத்த வேண்டியவளும் நானே.

செய்தி ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. டெக்சஸில், இர்விங்கில் இருக்கும் அவருடைய மகள் தீபா விமான நிலையத்திலிருந்து அழைத்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். முதல் நாள் மாலை தோட்டத்தில் மயங்கி விழுந்தவரைப் பக்கத்து வீட்டார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். விடிவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. நான் சான் ஹோசேயில் என் மகன் வீட்டில் கையில் காபியோடு நின்றிருந்தேன். அந்தக் காபியை முழுவதும் குடித்து முடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கணினிக்கான சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரச் சோதனைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்த பிறகும், பசிபிகா என்ற கரையோர ஊரில் கடல் மூடுபனி ஏறிவரும் மேட்டில் இருந்த தம் வீட்டை விட்டு நகர மறுத்தவர். ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்த ஜப்பானியப் பெண்மணி ஒருவர் பரிசாகக் கொடுத்த, மூக்கில் ஏறும் காரமுள்ள ஜப்பானியச் செடியான வசாபியின் நாற்றை வடக்குச் சுவரோரம், வெயில் படாத ஈரத்தில் நட்டு, ஒரு முழுப் பாத்தியாகப் பெருக்கியவர்.

நாங்கள் சந்தித்தது ஒரு நவராத்திரிக் கொலுவில். யாரோ ஜப்பானிய உணவகத்தைப் பற்றிப் பேச, நான் வழக்கம்போல் இடைமறித்து, அங்கெல்லாம் கொடுக்கும் பச்சை விழுது பெரும்பாலும் வசாபியே அல்ல, வேறொரு கிழங்கில் சாயம் கலந்தது என்றேன். பட்டுப் புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரு பெண்மணி சிரித்தார்.

"சரியாச் சொன்னீங்கக்கா. நெசமானதச் சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"சாப்பிடாமயே இவ்வளவு தெரியுதுங்களே! வர்ற சனிக்கெழம வாங்க. எங்க ஊட்டுல இருக்குது."

என்னை யாரும் அப்படிக் கேலி செய்வதில்லை. போனேன்.

பாத்தியில் உள்ளங்கையைவிடப் பெரிய இதய வடிவ இலைகள் நீண்ட காம்புகளின் மேல் நின்றன. முட்டைக்கோஸ் இனம் என்பதால் வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிடும். ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் புழுவைப் பொறுக்குவதுதான் அவருடைய காலை வேலை. கிழங்கு முற்ற இரண்டு வருடமாகும் என்றார். அது கிழங்கு அல்ல, தடித்த தண்டு என்று நான் திருத்தினேன். "கெழங்குன்னு கூப்பிட்டா வருத்தப்படுமாக்கா?" என்று கேட்டுவிட்டு ஒன்றைப் பிடுங்கி மண்ணைக் கழுவினார்.

ஜப்பானிய வழக்கப்படி அதைச் சுறாத் தோல் ஒட்டிய சிறு பலகையில் தேய்க்க வேண்டும். அந்தப் பலகையைக் கண்டதும் நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். மீன் தோல் இருக்கும் மேஜையில் சாப்பிட மாட்டேன் என்றேன். அவர் உள்ளே போய், பூஜை அலமாரியிலிருந்த சந்தனக்கல்லை எடுத்துவந்து கழுவி வைத்தார்.

"இது சைவந்தானுங்களே?"

சந்தனம் இழைப்பதுபோல், அவசரமில்லாமல், சிறு வட்டங்களாக இழைத்தார். வெளிர் பச்சை விழுதைக் கத்தி முனையில் எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தார். அந்தக் காரம் மிளகாயைப்போல் நாக்கில் தங்கவில்லை. நேராக மூக்கின் உச்சிக்கு ஏறி, ஒரு கணம் உலகத்தையே மறைத்து, பிறகு போன இடம் தெரியவில்லை. பின்னால் ஓர் இனிப்பு மட்டும் நின்றது. நான் கைக்குட்டையைத் தேட, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்றிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வட்டம் அங்கே கூடியது. அரிசி மாவை அவித்து நூலாகப் பிழிந்த சந்தகை, அதன் மேல் தேங்காய்ப்பூ, பக்கத்தில் ஒரு பொட்டு வசாபி. இலையை வதக்காமல் வெந்நீரில் காட்டி எடுத்து உளுந்தும் புளியும் வைத்து அரைத்த துவையல். பொடியாக நறுக்கிய காம்பு மிதக்கும் மோர். கடைசியில் தயிர் சாதம். கிழங்கை மட்டும் அவர் முன்கூட்டியே இழைத்து வைத்ததில்லை. "இழைச்சதும் சாப்பிட்டுரோணுங்க. பேசீட்டு இருந்தா காரம் ஓடிப் போயிரும்" என்பார். ஒவ்வொருவர் தட்டின் அருகிலும் கல்லோடு வந்து நின்று இழைத்து வைப்பார்.

அந்தச் சட்டத்தை அமல்படுத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "பேச்சை நிறுத்துங்கள், காரம் போய்க்கொண்டிருக்கிறது" என்று மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து அதட்டுவேன். எல்லோரும் பயந்து சாப்பிடுவார்கள்.

நான் படித்த கான்வென்ட்டில், வீட்டுக்காரி கரண்டியை எடுக்கும் வரை விருந்தினர் தட்டைத் தொடக்கூடாது என்று கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வட்டம் கூடிய முதல் சனிக்கிழமை நான் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். "ஐயோ, எனக்காகவாக்கா இருக்கறீங்க? வீணாப் போயிருமுங்க, சாப்பிடுங்க" என்றார். வாழ்நாள் முழுவதும் காத்த விதியை ஒரு வாய்க்காக விட்டேன். பிறகு அதை நினைக்கவே இல்லை. ஒருமுறை கல்லை வாங்கக் கை நீட்டினேன். "நீங்க உக்காருங்கக்கா, இல்லீன்னா எனக்குக் கோவம் வரும்" என்றார். நான் உடனே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

எல்லோருக்கும் இரண்டாம் முறையும் வைத்து முடிந்து, நாங்கள் கை கழுவிவந்து பேச்சில் இருக்கும்போது அவர் தமக்குத் தயிர் சாதம் போட்டுக்கொண்டு உட்காருவார். கல்லில் மிஞ்சியிருக்கும் விழுதையெல்லாம் வழித்துப் பிசைவார். கண்ணில் ஒரு துளி நீர் வராது. நாங்கள் கைதட்டுவோம். "உங்களுக்கு இரும்பு நாக்கு, கோகிலவாணி" என்று நான்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

காரியங்கள் முடிந்த மறுநாள், அந்த வீட்டுச் சமையலறையில் தீபாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"இல்ல ஆன்ட்டி. அம்மா சாப்பிடறப்ப அதுல காரமே இருக்காதாம். போன்ல சொல்லிச் சிரிப்பாங்க. 'எனக்கெங்க கெடைக்குது கண்ணு, நான் உக்கார்றதுக்குள்ள அது செத்துப்போயிருது'ன்னு."

"தமக்கென்று புதிதாகக் கொஞ்சம் இழைத்துக்கொள்ளலாமே?"

"நானும் கேட்டேன். 'எல்லாரும் கையக் கழுவீட்டு உக்காந்திருக்கறப்ப நான் ஒருத்தி இழைச்சுத் தின்னா நல்லாவா இருக்கும்'னாங்க. தனியா இருக்கறப்ப இலையத்தான் சாப்பிடுவாங்க. 'ரெண்டு வருஷம் வளர்ந்தத எனக்கு ஒருத்திக்காகப் பிடுங்கறதா'ன்னு சொல்லுவாங்க."

"நீ வரும்போது?"

தீபா கண்களைத் துடைத்துக்கொண்டாள். "நான் வந்தாலும் அம்மாதான் இழைச்சு வைப்பாங்க ஆன்ட்டி. நான் சும்மா உக்காந்து சாப்பிட்டேன்."

நாங்கள் இருவரும் பாத்தியிலிருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கினோம். நான் கல்லைக் கழுவி இழைத்தேன். வலது கை மூட்டு வலித்தது, நிறுத்தவில்லை. வாழையிலையில் தயிர் சாதம் வைத்து, அதன் ஓரத்தில் விழுதை வைத்து, அவர் படத்துக்கு முன்னால் படைத்தோம். விளக்கின் திரி நனைந்திருந்தது. வேறு திரி தேடினோம். தீப்பெட்டி கிடைக்கவில்லை, தீபா அடுப்பில் பற்றவைத்துக் கொண்டுவந்தாள். கற்பூரம் காட்டி, விழுந்து வணங்கி எழுந்து, அந்த விழுதை ஆளுக்குக் கொஞ்சம் வாயில் வைத்தோம். பச்சை வாசனை மட்டும் இருந்தது. மூக்கு சும்மா இருந்தது. இத்தனை சனிக்கிழமைகளில் எங்கள் கண்ணெதிரே அவர் எதைச் சாப்பிட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் கண்ணில் நீர் வந்ததற்கு வசாபி காரணமல்ல.

கோகிலவாணி, போய்வாருங்கள். உங்கள் மேஜையில் நான் வேளை தவறாமல் சாப்பிட்டேன். உங்கள் தட்டை ஒருநாளும் பார்க்கவில்லை.

இதைப் படிக்கும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது ஒருவர், எந்த வீட்டிலாவது, எப்போதாவது ஒருநாள் கோகிலவாணியை உட்காரவைத்து, இழைத்த கையோடு முதலில் அவருக்குப் பரிமாறியிருந்தால், எனக்கு எழுதுங்கள். தொலைபேசியில் வேண்டாம், என்னைச் சமாதானப்படுத்த எதையாவது சொல்லிவிடுவீர்கள். யார் வைத்தீர்கள், அப்போது அவர் முகம் எப்படி ஆயிற்று, என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதை நான் தீபாவுக்கு அனுப்ப வேண்டும்.