எனக்கு எதிராக நானே தூக்கிய கை

இரண்டு வாரத்துக்கு முன் என் வீட்டில் நான் படுக்கக் கூடாது என்று தடை வந்தது. தடைக்கு வாக்களித்தவர்களில் நானும் ஒருவன்!

புதிதாக வாசிப்பவர்களுக்கு — என் வீடு எட்டு மீட்டர் நீளமான பழைய பாய்ப்படகு. கிரேக்கத்தில், பிரேயஸ் துறைமுகத்தில் சரக்குக் கப்பலை விட்டு இறங்கிய நான், யென்ஸ் என்ற டென்மார்க் கிழவரோடு இதே படகில் சமையல்காரனாகச் சேர்ந்தேன். கிரீட், ரோட்ஸ், மால்டா, சார்டினியா... மூன்று வருடம் மத்தியதரைக் கடல். முழங்கால் தேய்ந்து அவர் ஊர் திரும்பியபோது நானும் வந்தேன். படகை எனக்கே தந்துவிட்டார்.

அந்தத் தீவுகளில் வாழ்க்கை சுகம் என்று நினைக்காதீர்கள். குடிதண்ணீரை பிளாஸ்டிக் கானில் சுமக்க வேண்டும். உப்பேறிய உடுப்பு தோலை அறுக்கும். காற்று மாறினால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு நங்கூரத்தைத் தூக்க வேண்டும். ஆனால் முன்னால் நங்கூரம், பின்னால் கரைக்கு ஒரு கயிறு — கட்டிவிட்டால் அதுதான் வீடு. 'இதிலா படுக்கிறாய்?' என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

இங்கே கேட்டார்கள்.

டென்மார்க்கில் ஹ்விடோவ்ரே பக்கம் நான் படகு கட்டியிருந்த துறையில், படகுக்காரர் சங்கத்தின் பொதுக்கூட்டம். கோப்பி, கேக், மேசையில் ஒரு குட்டிக் கொடி. டெனிஷ்காரர் எதையும் சண்டை பிடித்துத் தீர்ப்பதில்லை. கேக் சாப்பிட்டுவிட்டு வாக்கெடுப்பார்கள். அன்றைய விஷயம்: நவம்பர் முதல் மார்ச் வரை யாரும் படகில் படுக்கக் கூடாது. 'யாரும்' என்றால்? நான்தான். குளிர்காலத்தில் அங்கே படுக்க வேறு யாருக்குப் பைத்தியம்?

தலைவர் தாடி வைத்த நல்ல மனிதர். மளமளவென்று டெனிஷில் பேசினார். பனிக்கட்டி, ஆபத்து... எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்தப் பாதிக்கே கோபம் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிக் கற்ற ஒன்று மட்டும் மறக்கவில்லை — கதைக்க வேண்டுமென்றால் கையைத் தூக்கு. தூக்கினேன்.

சுற்றிப் பார்த்தால் பலர் தூக்கியிருந்தார்கள். 'அட, இத்தனை பேருக்குக் கதைக்க இருக்கிறதே!' என்று இன்னும் உயரத் தூக்கினேன்.

தலைவர் எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு என்னையும் எண்ணினார். தடை நிறைவேறியது — ஒரே ஒரு வாக்கால்.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் மன்னார்ப் பொடியன் தேவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"உங்கட தலையில நீங்களே மண் அள்ளிப் போட்டிட்டியளே அண்ணை!"

"சிரிக்காதையடா."

"சரி, விளங்காமல் கை தூக்கினனெண்டு ஒரு கடிதம் குடுப்பம். என்ர மனிசி டெனிஷில எழுதுவா. பாவம் பாத்து மாத்துவினம்."

"பாவம் பாக்கவோ? வேண்டாம்."

"அப்ப எங்கட வீட்டு ஹோலில வந்து படுங்கோ."

"உன்ர ஹோல் படகு மாதிரி ஆடாதேடா. எனக்கு நித்திரை வராது."

"பின்னை என்ன செய்யப் போறியள்?"

"கிரீட்டுக்குப் போறன்."

அவன் சிரிப்பு நின்றது. "வேலை?"

"விட்டிட்டன்."

"இந்தக் குளிருக்கை தனியப் போய்ச் சாகப் போறியளோ?"

"ஹோலில படுத்தாலும் ஒருநாள் சாகத்தானே வேணும்?"

இதை நாட்டின் தென்கோடியில், கெட்ஸர் துறையில் காற்றுக்குக் காத்திருந்தபடி எழுதுகிறேன். பயமில்லையா என்கிறீர்களா? இருக்கிறது. இயந்திரம் இருமுகிறது. அகதிப் பயணப் பத்திரத்தோடு ஒவ்வொரு எல்லையிலும் கெஞ்ச வேண்டும். போர்வை இப்போதே ஈரம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள் — அகதி என்றால் எல்லோரும் ஓர் அறையைக் காட்டி 'இங்கே இரு' என்கிறார்கள். இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். இரக்கத்தோடு சொன்னால் கேட்டே ஆக வேண்டுமா?

புறப்பட்ட காலையையும் சொல்லிவிடுகிறேன். இந்நாட்டுத் துறைகளில் ஒவ்வொரு படகின் இடத்திலும் ஒரு தகடு இருக்கும். படகு நின்றால் சிவப்புப் பக்கம். வெளியே போனால் பச்சைக்குத் திருப்பி, திரும்பும் திகதியை எழுத வேண்டும். அதுவரை வேறொருவர் கட்டலாம். நான் பச்சைக்குத் திருப்பினேன். கயிற்றை அவிழ்த்தேன்.

தலைவர் ஓடிவந்தார். "திகதி எழுதவில்லையே?"

"எழுத மாட்டேன்."

என் படகு துறை வாசலைத் தாண்டும்வரை அவர் கையை உயர்த்தி அசைத்துக்கொண்டிருந்தார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் துறையில் இன்னொரு தடவை கை தூக்க நான் என்ன மடையனா?