மாமா விழுந்த வெள்ளிக்கிழமை

சென்ற மாதம் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்சில் ஒரு பெடியன் வலிப்பு வந்து விழுந்தான். அவன் விழுந்து முடிவதற்குள் அவனைச் சுற்றிச் சாவிகள் நீண்டுவிட்டன. மோட்டார்சைக்கிள் திறப்பு, வீட்டுத் திறப்பு, ஒரு கனவான் கைப்பையிலிருந்து தேடி எடுத்த அலுமாரித் திறப்பு. வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்ற நம்பிக்கை எங்கள் பகுதியில் யுத்தம், இடப்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி ஒரு கீறலும் படாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். கட்டளையிட்டுப் பழகிய குரல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. திறப்புகளை அவரவர் பையில் போடச் சொல்லிவிட்டு, பெடியனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் சால்வையை மடித்து வைத்து, வலிப்பு, எங்கள் பேச்சில் வலி, தானாக அடங்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

"அம்மாவுக்கு உதெல்லாம் என்னண்டு தெரியும்?" என்று கேட்டார் நடத்துநர்.

"எங்கடை மாமாவுக்கு இருந்தது."

நடத்துநர் மெல்ல ஓர் அடி பின்னுக்குப் போனார். மாமா செத்து எவ்வளவோ காலம். ஆனால் வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நோய் மருமகள் வழியாகவும் தொற்றக்கூடும் என்று அவர் எண்ணியிருக்கலாம், பிழை சொல்லமுடியாது. எங்கள் ஊரில் அதைவிடத் தூரம் போய் எண்ணியவர்கள் இருந்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். எஸ்.எஸ்.ஸி. சித்தியடைந்தவர், ஆனாலும் தோட்டம்தான் செய்தார். வேலை தர வந்தவர்களையும் பெண் தர வந்தவர்களையும் அயலவர்கள் ஒழுங்கை முகப்பிலேயே மறித்து விஷயத்தைச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்தச் சேவைக்கு அவர்கள் ஒரு சதமும் வாங்கியதில்லை. மாதம் ஒருமுறை மாமா தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போய்க் குளிசை எடுத்துவருவார். கூடப்போன அம்மாவுக்கு அங்கே டொக்டர் ஒன்று சொல்லியிருந்தார்: வலி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, பக்கத்தில் இரு, இரும்பும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம். அம்மாவுக்கு அது தேவார திருவாசகம் மாதிரி. எங்கள் வீட்டில் மாமாவின் கைக்கு ஒருநாளும் இரும்பு போனதில்லை.

மாமாவுக்கு ஊரில் மிஞ்சியிருந்த இடம் வாசிகசாலை. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, ஓடு போட்ட ஒற்றை அறை. நீள மேசை ஒன்று, உட்கார வாங்குகள் இரண்டு, பேசுவதைவிட அதிகமாக இரைகிற றேடியோ ஒன்று. பின்னேரங்களில் ஆண்கள் அங்கே கூடி மந்திரிசபையைக் கவிழ்த்து, புதிதாக ஒன்றை அமைத்துவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்புவார்கள். மாமா ஆசிரியத் தலையங்கத்தை உரத்து வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் சொல்லுவார். அதைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். பகல் முழுவதும் மிளகாய்க் கன்றுகளோடு மட்டும் கதைத்த மனிதருக்கு அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு என்பதை வாசிப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

ஒருநாள் அங்கே, தலையங்கத்தின் நடுவில், வலி வந்து விழுந்தார்.

வாசிகசாலைத் தலைவர் எனக்குப் பெரியப்பா; அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன். கோயில் தர்மகர்த்தாவும் அவரே, புகையிலை வியாபாரியும் அவரே. வேட்டிக்கு மேலே அகலமான தோல் பட்டி, பட்டியில் ஒரு பெரிய திறப்புக் கொத்து. அவர் நடந்தால் கோயில் மாடு வருகிறதென்று பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். மாமா விழுந்ததும் பெரியப்பா கொத்தைக் கழற்றித் தூர நின்றே அவர் கைப்பக்கமாக எறிந்தார். மாமா எழும்பி அதைத் திருப்பிக் கொடுக்க நீட்டியபோது வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொன்னார். பிறகு ஆள் அனுப்பி மஞ்சள் தண்ணீர் எடுப்பித்து, கொத்தையும் வாங்கையும் கழுவுவித்து, காயவைத்துத்தான் இடுப்பில் மாட்டினார். வாயில் வந்த நுரை பட்டால் பட்டவனுக்கும் வரும் என்பது ஊரின் துணிபு. ஆக, வருத்தக்காரனுக்கு இரும்பு நல்லது. வருத்தக்காரன் பிடித்த இரும்பு கூடாது.

அடுத்த கிழமை நிர்வாகசபை கூடித் தீர்மானம் போட்டது. தீராத வருத்தமுள்ள அங்கத்தவர்கள் தங்கள் நலன் கருதி வாசிகசாலைக்கு வராதிருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒருவனை வெளியே தள்ளும் எந்தத் தீர்மானமும் அவனுடைய நலன் கருதியே எழுதப்படும் என்பதைப் பிற்காலத்தில் என் உத்தியோகம் எனக்கு நிறையவே காட்டித்தந்தது. பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. அதுவும் தீராததுதான். ஆனால் அது வசதியானவர்களுக்கு வருகிற வருத்தம். அதற்குத் தலைமைக் கதிரையில் இருக்கத் தடையில்லை.

மாமா சண்டைக்குப் போகவில்லை. வாசிகசாலை விதிகள் எழுதிய யாப்பை எடுத்து வாசித்தார். அப்படியொரு தீர்மானத்தை மாற்றக்கூடியது வருடாந்தப் பொதுக்கூட்டம் மட்டும்தான். கூட்டம் வாசிகசாலைக் கட்டடத்துக்குள்ளேதான் நடக்கவேண்டும். குறித்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் தொடங்காவிட்டால் அது அடுத்த வருடத்துக்குப் போய்விடும். பழைய சபை தொடரும், தீர்மானமும் தொடரும். மாமா முறைப்படி முன்னறிவித்தல் கொடுத்தார். தன்னை உள்ளே விடவேண்டுமா இல்லையா என்பதை எல்லா அங்கத்தவர்களும் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் அவர் கேட்டது.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு. நானும் அம்மாவும் கோயிலால் வெளியே வந்தபோது வாசிகசாலைக் கதவு பூட்டியபடி கிடந்தது. வெள்ளை வேட்டிகளோடு அங்கத்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். மாமா மட்டும் வளவுக்கு வெளியே, தெருவோரம் நின்றார். கோயிலுக்கு வந்த பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. விபூதி பூசிய நெற்றிகளோடு மதில் ஓரம் வரிசையாக நின்றார்கள். இலவசமாக ஒன்று பார்க்கக் கிடைக்கப்போகிறது என்பது பெண்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"செயலாளர் கொழும்புக்குப் போட்டார். திறப்பு அவரிட்டை. நான் என்ன செய்யிறது?" என்றார் பெரியப்பா.

"அப்ப உங்கடை இடுப்பிலை தொங்கிறது?" என்று யாரோ கேட்டார்.

"உது பொயிலைக் கொட்டில் திறப்பு."

தெருவில் நின்றபடி மாமா சொன்னார்: "எல்லாம் கொட்டில் திறப்போ, அத்தான்? ஒண்டொண்டாப் போட்டுப் பாப்பமே."

"வருத்தக்காரர் தங்கடை வருத்தத்தைப் பார்க்கட்டும். கூட்டம் எங்கடை அலுவல்."

தர்மகர்த்தாவின் இடுப்புப் பட்டியில் கைவைக்கக்கூடிய ஆண்பிள்ளை அந்த ஊரில் பிறந்திருக்கவில்லை. அப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம்தான் கிடக்கு" என்று தமையனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

அப்போதுதான் மாமா தெருவை விட்டு முற்றத்துக்குள் வந்தார். பெரியப்பாவுக்கு நேரே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுந்தார்.

கால்கள் வெட்டின. வாய் ஒரு பக்கம் கோணியது. முற்றத்தில் நின்றவர்கள் வட்டமாகப் பின்வாங்கினார்கள். "இரும்பு, இரும்பு" என்று நாலு பக்கமும் சத்தம். சுத்தமான வேட்டியோடு கூட்டத்துக்கு வந்தவர்களிடம் மண்வெட்டியா இருக்கும்? அம்மா என் கையை உதறிவிட்டு ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு கணம் அவருடைய வலக்கையைப் பார்த்தார். பிறகு ஊரே அதிரக் குழறினார்.

"அத்தான், திறப்பைக் குடுங்கோ! என்ரை தம்பி போகப்போறான்! அந்தத் திறப்பைக் குடுங்கோ, அத்தான்!"

நான் ஓடிப்போய் அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, டொக்டர் இரும்பு வேண்டாமெண்டெல்லோ..." அம்மா திரும்பாமலே என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் இருந்தது.

எல்லாக் கண்களும் பெரியப்பாவின் இடுப்பில். எதிரே பிள்ளையாரின் கண்கள் வேறு. ஒரு உயிர் தன் கஞ்சத்தனத்தால் கோயில் வாசலில் போயிற்று என்ற பெயர் அவருக்கு வேண்டாம். கொத்தைக் கழற்றினார். கிட்டப் போகாமல், நின்ற இடத்தில் நின்றே எறிந்தார். அது போய் மாமாவின் உள்ளங்கையில் விழுந்தது. பெரியப்பா வாழ்நாளில் குறி தப்பாமல் எறிந்த எறி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாமாவின் விரல்கள் மூடின. வலி நின்றது. இரும்பு வைத்தியத்துக்கு அதைவிட நல்ல அத்தாட்சி இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் எழுந்து இருந்தார், வேட்டியைத் தட்டிக் கட்டினார், வாயைத் துடைத்தார், நேரே கதவடிக்கு நடந்தார்.

பெரியப்பாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. "டேய், திறப்பைத் தா!"

"இந்தாங்கோ, அத்தான்." மாமா வாயைத் துடைத்த கையாலேயே கொத்தை நீட்டினார். "வாங்குங்கோ."

பெரியப்பாவின் கை பாதி தூரம் போய் நின்றது. கை திரும்பி வந்தது.

"ஆராவது உவனிட்டையிருந்து பறியுங்கோடா!"

"தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், தலைவர்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மிக மரியாதையாகக் கேட்டது.

மாமா ஒவ்வொரு திறப்பாகப் போட்டுப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒன்று பூட்டுக்குள் போய்த் திரும்பியது. "நல்ல திறப்பு, அத்தான். பொயிலைக் கொட்டிலும் திறக்குது, வாசிகசாலையும் திறக்குது" என்றார். முதலில் சிரித்தது மதிலோரத்துப் பெண்கள். பிறகு ஆண்களும் சிரித்துச் சிரித்தே உள்ளே போனார்கள். பெரியப்பா வெளியில் நின்றால் கூட்டம் அவரில்லாமல் நடக்கும். ஆகவே அவரும் போனார்.

வேண்டுமென்றே விழுந்தது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் வளர்ந்தபிறகு கேட்டேன். உண்மையான வலியில் மாமாவின் விரல்கள் உள்ளே மடங்கி, ஒருவராலும் பிரிக்கமுடியாதபடி இறுகிவிடுமாம். அன்று வலக்கை தட்டுப்போல விரிந்து கிடந்ததாம். "எனக்கொரு சொல்லும் சொல்லாமல் விழுந்தவன். நல்லவேளை, கையைப் பாத்தன்" என்றார் அம்மா.

கூட்டத்தை நான் யன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பார்த்தேன். தீர்மானத்தை நீக்கவேண்டும் என்று மாமா பிரேரித்தார். வழிமொழிய ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் பிரேரணை அந்த இடத்திலேயே செத்துவிடும். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் சிரிப்பது வேறு, தலைவரின் முகத்துக்கு நேரே பெயரைக் கொடுப்பது வேறு. அப்போது அப்பா எழுந்தார். தமையன் "மழை" என்றால் குடை எடுக்கும் மனிதர் அவர். நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் வழிமொழியிறன்."

"நீயோ?" என்றார் பெரியப்பா.

"ஓம், அண்ணை. நான்தான்."

வாக்கெடுப்பில் உயர்ந்த கைகளை எண்ணவேண்டி இருக்கவில்லை. உயராத கைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது. பெரியப்பா முடிவை அறிவித்தார். அது தலைவரின் கடமை, அதிலிருந்து தப்ப யாப்பில் வழி இல்லை. செயலாளர் ஊரில் இல்லாத காலத்தில் கதவு திறப்பது யார் என்ற கேள்வி வந்தபோது, மரியாதையான அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. "திறப்பு அவனிட்டைத்தானே கிடக்கு. இனி ஆர் அதை வாங்கிறது? அவனே திறந்து பூட்டட்டும்." அதுவும் நிறைவேறியது. மாமா வாசிகசாலைத் திறப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, கொத்தை மேசையில் வைத்தார்.

"மிச்சத்தை மஞ்சள் தண்ணியிலை அலம்பிப்போட்டு எடுங்கோ, அத்தான்."

பிறகு பல வருடம் அந்தக் கதவை அவர்தான் திறந்தார். இடைக்கிடை அங்கே விழவும் செய்தார். அம்மா போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தார். அங்கத்தவர்கள் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, அவர் வாசித்து விட்ட இடத்திலிருந்து தலையங்கத்தைத் தொடர்வார்கள். கண் விழித்ததும் மாமா கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பந்தியிலை நிக்கிறியள்?" என்பதுதான்.

கூட்டத்துக்கு அடுத்தநாள் சனிக்கிழமை. விஷயம் கேள்விப்பட்டுப் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு பெருமையோடு தோட்டத்துக்குப் போனேன். மாமா வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, நேற்று விழுந்தமாதிரி இவைக்கு ஒருக்கா விழுந்து காட்டுங்கோ."

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "ஒருக்காப் போதும், பிள்ளை."

"அப்ப எனக்குப் பழக்கிவிடுங்கோ. உங்களுக்கு ஆர் பழக்கினது?"

"ஒழுங்கைப் பெடியள்தான்." மாமா சிரித்தார். "நான் போகேக்கை பின்னாலை நிண்டு வலி வந்தமாதிரிச் செய்து காட்டுறவங்கள். எத்தினை வருசமாப் பாத்திருப்பன். நல்லாப் பழக்கிப்போட்டாங்கள்."

குனிந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.

வலிப்பு வருபவர் தன் வலிப்பை ஒருநாளும் காண்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. என்னைச் சேர்க்காமல் மாமா இவ்வளவு காலமாகப் பெடியளோடு ஏதோ விளையாடியிருக்கிறார் என்று கோபம்தான் வந்தது. அன்று மத்தியானம்வரை நான் அவரோடு கதைக்கவில்லை.