குடை, ஏணி, மணல், ஆரஞ்சு, கதவு

அக்காவுக்கு வீட்டில் ‘டாக்டரம்மா’ என்று பெயர். வைத்தவன் நான்தான். உளவியல் இரண்டாம் வருடத்திலேயே துறையின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டு, அன்றைக்கே தரையில் கால் பாவாமல் நடந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

அங்கே ஞாபகசக்திப் பரிசோதனை நடத்த அவளுக்கு ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ஸ்டாப்வாட்ச். வருகிறவர்களிடம், “இந்த டெஸ்ட் ஏற்கனவே பண்ணியிருக்கீங்களா?” என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால் அனுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். குரல் ஏறவோ இறங்கவோ கூடாது. எதிரில் இருப்பவர் எவ்வளவு திணறினாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கென்றால் பைத்தியம் பிடித்திருக்கும்.

குரல் பழக அவளுக்கு அப்பா கிடைத்தார். அப்பா பஸ் டிரைவர். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளெதிரே உட்கார்ந்துவிடுவார். மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது.

“குடை, ஏணி, மணல், ஆரஞ்சு, கதவு.”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்டி!” என்பார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த வருடம் அப்பா சாவியை வைத்த இடம் தெரியாமல் தேட ஆரம்பித்தார். பிறகு தினமும் நிற்கிற நிறுத்தத்தில் நிற்காமல் போனார். அக்காவுக்குப் பரீட்சை நேரம். அம்மாதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். திரும்பும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“அஞ்சு வார்த்தை கேட்டாங்க. ஒண்ணு விடாம ஒப்பிச்சாரு. பயப்பட ஒண்ணுமில்ல, வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு.”

என்ன வார்த்தைகள் என்று அக்கா கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. நல்ல சேதியை யார் தோண்டித் துருவுவார்கள்?

எட்டு மாதம் கழித்து, நாற்பது பயணிகளோடு நாற்சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதார் அப்பா. கண்டக்டர் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

இந்த முறை எல்லோருமே போனோம். டாக்டர் “குடை” என்றதுதான் தாமதம், மீதி நான்கையும் அப்பாவே சொல்லி முடித்தார். அக்கா எழுந்துவிட்டாள்.

“நிறுத்துங்க டாக்டர். அது அவருக்கு மனப்பாடம். எங்க ஆய்வகத்துலயும் இதே அஞ்சு வார்த்தைதான். நான்தான் பழக்கிவிட்டேன்.”

வேறு சொற்கள் கொடுத்தார்கள். ஒன்றுகூட வரவில்லை.

“முன்னாடியே வந்திருந்தா மாத்திரையில இந்த மறதி நோயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்,” என்றார் டாக்டர்.

“முன்னாடியே வந்தோமே டாக்டர்,” என்றாள் அம்மா.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. பழமொழி நாக்கு நுனிவரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து, “ஏற்கனவே பண்ணியிருக்கீங்களான்னு எல்லார்கிட்டயும் கேட்டேனேடா, அப்பாகிட்ட அதைக் கேட்கச் சொல்லலையே,” என்று அழுதாள். அன்றோடு அந்தப் பட்டப்பெயரை விட்டேன்.

அதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிறது. அக்கா மேலே படிக்கவில்லை. வீட்டருகே ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு அப்பாவைக் கவனித்துக்கொள்கிறாள். அப்பாவுக்கு அம்மாவைத் தெரியவில்லை, என்னைத் தெரியவில்லை. ஆனால் மாலையானால் சாப்பாட்டு மேசையில் அக்காவெதிரே உட்கார்ந்து ஐந்து சொற்களையும் ஒப்பிப்பார்.

போன வாரம் நான்கோடு நின்றுவிட்டார். நான் வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினாள். அப்பா தவித்தார், மேசையைத் தடவினார். அவளால் பொறுக்க முடியவில்லை.

“கதவுப்பா,” என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அப்பா அவளை வியப்போடு பார்த்தார்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”