பேனரில் ஏறாத பெயர்கள்

2008ஆம் ஆண்டில் என் தம்பி மகள் கடலூரில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு அவளை எந்தத் தனியார் மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பைத் தம்பி என்னிடம் ஒப்படைத்திருந்தான். நுழைவுத்தேர்வு நீங்கிவிட்ட காலம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே கல்லூரிக் கதவைத் திறக்கும். தம்பி சிப்காட் ஆலையில் ஷிப்டு முடிந்து, சட்டையில் ரசாயன நெடியோடு வீடு திரும்புபவன். "இந்த நாத்தம் என்னோட போவட்டும்க்கா. அவ டாக்டராவணும்" என்பான்.

பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பள்ளிகளின் பேனர்கள் நின்றன. மருத்துவம், பொறியியல் என்று பிரித்து, ஒவ்வொரு முகத்தின் கீழும் கட்-ஆஃப் மதிப்பெண். கோயில் திருச்சுற்றில் நாயன்மார் அறுபத்து மூவரையும் வரிசையாகக் கண்டு வணங்கிப் பழகிய எனக்கு, அந்தப் பிள்ளை முகங்களைக் கண்டும் கைகள் தாமே குவிந்தன. பள்ளிவாரியாக எண்ணி நோட்டில் குறித்தேன். ஒரு பள்ளி மற்றெல்லாவற்றையும் விஞ்சி நின்றது.

ஆயினும் பேனர் அடித்தவர் சொல்வதை மட்டும் கொண்டு முடிவு செய்ய மனம் ஒப்பவில்லை. பிள்ளைகள் போய்ச் சேரும் இடத்திலேயே நின்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மாதந்தோறும் திருவாதிரைக்குச் சிதம்பரம் செல்பவள் நான். அந்த ஆகஸ்டில், புதிய மாணவர்கள் சேரும் நாளாகப் பார்த்துத் தரிசனம் முடித்து, அவ்வூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வாசலில் நோட்டோடு நின்றேன்.

அன்று கண்டதை இன்றும் முழுதாகச் சொல்ல வரவில்லை. லால்பேட்டையிலிருந்து வந்த தாயும் மகளும் புர்கா புழுதியில் புரள, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்தார்கள். புது வேட்டி கட்டிய விவசாயி ஒருவர் வாசலைத் தாண்டுமுன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"போட்டுக்குங்கப்பா, இது காலேஜி" என்றான் மகன், கூச்சத்தோடு.

"இருக்கட்டும்டா" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனார். என் உடல் சிலிர்த்தது. ஆலய வாசலிலும் அப்படி ஒரு பணிவை நான் அடிக்கடி கண்டதில்லை.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் தன் தாயோடு வந்தாள். எந்தப் பள்ளி என்று கேட்டேன். என் நோட்டில் முதலிடம் பெற்ற பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

"அப்படியா! நல்லா சொல்லிக் குடுக்குறாங்களா?"

"பாதிதான் அங்க படிச்சேன் பெரிம்மா. பதினொண்ணாவதோட டீசி குடுத்துட்டாங்க. நான் இருந்தா அவுங்க ரிசல்ட்டு கெட்டுடுமாம். கவர்மெண்டு ஸ்கூல்லதான் முடிச்சேன்."

தாய் சிரித்தாள். "இப்ப சீட்டு கெடச்சதும் அவுங்களே போன் போட்டு போட்டோ கேக்குறாங்க, பேனர்ல போடறதுக்கு!"

"குடுக்கலதானே?"

"குடுத்துட்டேன்" என்றாள் அந்தப் பெண். "அம்மா கடலூர் பஸ் ஸ்டாண்டுலதான் பூ விக்குது. நான் ஆஸ்டல்ல இருப்பேன். தெனம் என்னப் பாத்துக்குட்டு இருக்கும்ல?"

அந்தக் குரலில் வஞ்சம் துளியும் இல்லை. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். பேனரில் இருக்கும் முகங்களையே எண்ணியவள், இடையில் அனுப்பப்பட்ட பிள்ளைகளை நினைத்தும் பார்க்கவில்லையே!

அதன்பின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்றையே கேட்டேன்: பதினொன்றில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே பன்னிரண்டு எழுதியவர் எத்தனை பேர்? முதலிடப் பள்ளியின் அலுவலகத்தில், "என்னம்மா, ஆடிட்டுக்கு வந்தீங்களா?" என்று சிரித்தார்கள். பதில் வரவில்லை.

சிதம்பரத்தில் பேனரே வைக்காத சிறிய பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைமை ஆசிரியை, "சேந்தவுங்க எல்லாரும் இங்கயேதான் எழுதுனாங்கம்மா" என்றார். எந்தப் பதிவேட்டையும் திறக்காமல் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இன்னார் இன்ன கல்லூரியில் என்றார். தேர்வில் தவறியவர்களையும் விடவில்லை: ஒருத்தி மறுதேர்வில் தேறி நர்சிங் படிக்கிறாள், ஒருவன் தந்தையோடு படகில் போகிறான். ஓர் அடியாரும் விடுபடாமல் போற்றும் பதிகத்தைக் கேட்பதுபோல் எழுந்து நின்று கேட்டேன்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "பேனர்ல ஒரு மூஞ்சிகூட இல்லாத ஸ்கூலாக்கா? பொண்ணு வாழ்க்கையில வெளையாடாத." ஆனாலும் என் சொல்லைத் தட்டாமல் அங்கேயே சேர்த்தான்.

2011இல் அவளுக்கு மருத்துவ இடம் சற்றே தவறிப்போயிற்று. வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் வருந்தவில்லை. தம்பிதான் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நான் கேட்ட ஒரு கேள்வியால் அவன் கனவைக் கலைத்துவிட்டேனோ என்று பூசையிலும் மனம் குமைந்தது.

அடுத்த ஆண்டு, ஷிப்டு நண்பர் ஒருவர் தம் மகளுக்குப் பள்ளி தேடியபோது தம்பி துணைக்குப் போனான். திரும்பியவன் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"அந்த சிதம்பரம் ஸ்கூலு டீச்சரு அவருகிட்ட எல்லாப் பேரையும் சொன்னாங்கக்கா. நான் பின்னாடி நிக்கிறத கவனிக்கவே இல்ல. நம்ம பொண்ணு பேரையும் சொன்னாங்க. 'டாக்டர் சீட்டு தவறிச்சு, வெவசாயம் படிக்குது, போன மாசம் வந்து எங்க வேப்பமரத்துக்கு மருந்து சொல்லிட்டுப் போச்சு'ன்னாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது எனக்கே தெரியாதுக்கா."

"உன் சிநேகிதர் என்ன பண்ணாரு?" என்றேன்.

"அட்மிஷன் பாரம் வாங்கிட்டாரு. நான்தான் எழுதிக் குடுத்தேன்."